பத்மாசனி அம்மாளும் என் இறங்கிய சரணமும்

செய்தியை எனக்குச் சொன்னவர் பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முத்தையா. உறையூரிலிருந்து கல்லூரிக்குப் போகும் காலை பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன். வழியில் ஏறியவர், கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கும்போதே, நடுவில் நின்றவர்களின் தலைக்கு மேலாக, "டீச்சர், பாட்டு மாமி போயிட்டாங்க. விடியக்காலம் மார்வலின்னு சொன்னாங்களாம். டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றார். "அப்படியா" என்றேன். கல்லூரி நிறுத்தத்தில் இறங்கி முதல் மணி வகுப்பை எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன் என்று நினைக்கிறேன். அதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

ஸ்ரீரங்கத்துப் பத்மாசனி அம்மாளை அறிந்தவர்கள்தான் இந்தச் சபா மலரைப் படிப்பீர்கள். அவர் பாடிய கச்சேரிகளைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர்கள் உங்களில் பலர் உண்டு. எனக்கு அந்தத் தகுதி கிடையாது. மேடை ஏறாத பெரியவர்களுக்கென்று ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறையில் அவர் நடத்திய பயிற்சி வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கலாம். அதன் முதல் நாளில் சிரிப்புக்கு ஆளானவள் நான். அதைத்தான் என்னால் எழுத முடியும்.

நான் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் யாரும் பாட்டுக் கற்றதில்லை; கற்றுக்கொடுக்க யாரையும் வைத்ததும் இல்லை. சாவி கொடுத்து ஓட்டும் ஒரு கிராமபோன் பெட்டி மட்டும் இருந்தது. அதிகம் முறுக்கினால் உள்ளே இருக்கும் வில் அறுந்துபோகும் என்பது அப்பாவின் பயம். பாதி முறுக்கியதுமே "போதும், போதும்" என்று கையைப் பிடித்துவிடுவார். அப்பா காலமான பிறகு பெட்டி என்னோடு உறையூருக்கு வந்தது. அவருடைய பயமும் கூடவே வந்தது. கல்லூரியிலிருந்து திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு, இசைத்தட்டுகளோடு சேர்ந்து பாடுவேன். கேட்க யாரும் இல்லாததால் நன்றாகப் பாடுகிறேன் என்று எனக்குத் தோன்றிவிட்டது. குருபக்தி, அடக்கம், காலில் விழுதல் எல்லாம் எனக்கு ஒவ்வாதவை. காதும் புத்தியும் இருந்தால் தானே கற்றுக்கொள்ளலாம் என்று ஆசிரியர் அறையில் வாதாடியும் இருக்கிறேன். அந்த வகுப்புக்குக் கற்றுக்கொள்ளப் போனதாகச் சொன்னால் அது உண்மையாகாது. பாராட்டு வாங்கப் போனேன்.

சித்திரை வீதிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். தம்பூராவை வைத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அவள் வசந்தா, என்னிடம் தர்க்கம் படிக்கும் மாணவி. பத்மாசனி அம்மாளிடம் பாட்டுக் கற்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் எழுந்து நின்று, "மிஸ், நீங்களா?" என்றாள். பத்மாசனி அம்மாள், "வாங்கோ, முன்னாடி உக்காருங்கோ" என்றார். அவரை எல்லாரும் மாமி என்று கூப்பிட்டார்கள். அவர் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராகத் தெரிந்ததால் நான் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. கடைசிவரை அப்படியே இருந்துவிட்டேன்.

ஆளுக்கொரு பாட்டுப் பாடிக் காட்டச் சொன்னார். முத்தையா தாளத்தைக் கோட்டைவிட்டார். "துணி கிழிக்கற கை மாமி, நேரா போயிடுது" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். அடுத்தது நான். பல்லவி நன்றாகப் போயிற்று. அனுபல்லவியில் ஒருவர் தலையசைத்ததைப் பார்த்தேன். சரணத்துக்கு வந்தபோது தம்பூரா என்னோடு ஒட்டாமல் விலகிப்போவது போல இருந்தது. நான் பாட்டை நிறுத்தி, வகுப்பில் பேசும் குரலிலேயே, "வசந்தா, தம்பூரா ஏறிப்போச்சு. பார்த்து வையேன்" என்றேன்.

தம்பூராக் கம்பி தளர்ந்து சுருதி இறங்குவது உண்டு. பாட்டின் நடுவே அதுவாக ஏறாது. இது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வசந்தாவுக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னது அவளுடைய மிஸ் அல்லவா, கம்பியை முறுக்கும் பிருடையில் கை வைத்துவிட்டாள்.

"வசந்தா, அதைத் தொடாதே" என்றார் பத்மாசனி அம்மாள். பிறகு என்னிடம், "சரணத்தை மட்டும் இன்னொரு தடவை பாடுங்கோ" என்றார். பாடினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எங்கே கத்துண்டேள்?"

"நானாகத்தான். பிளேட்டு வச்சுக் கேட்டு."

"சாவி குடுக்கற பெட்டியா?"

"ஆமாம்."

"பாட்டு முடியறதுக்குள்ளே அது களைச்சுப் போயிடுமோ?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் மற்றவர்களைப் பார்த்து, பாடம் சொல்லும் தோரணையில் விளக்கினார்: "சுருதி விடறவா வேகமா ஓடிப் போயிடுவா. பயத்துல ஓட்டம்தான் வரும். இவாளுக்கு சுருதியும் காலமும் சேர்ந்தாப்பல இறங்கறது. மனுஷாளுக்கு அப்படி வராது. மிஷினுக்குத்தான் வரும்."

தர்க்கம் கற்பிக்கிறவள் குறை சொல்ல முடியாத அனுமானம் அது. ஆனால் அதற்குள் முத்தையா, "டீச்சருக்கு ஒரு சாவி வாங்கிக் குடுத்துடலாம்ங்க" என்று சொல்லிவிட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. வசந்தா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தம்பூராவை மீட்டிக்கொண்டே இருந்தாள். அவளும் சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

திரும்பும் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள், இனிமேல் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். யார் எதிரிலும் வாயைத் திறப்பதில்லை என்பதும் அந்த முடிவில் சேர்ந்ததுதான். வீட்டுக்கு வந்த பிறகு அவர் சொன்னதைப் பொய்யாக்கிப் பார்க்கும் ஆசை வந்தது. பக்கத்து வீட்டில் பஜனைக்கு வைத்திருந்த சுருதிப்பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தேன். கிராமபோனுக்கு எப்போதும் போலப் பாதி சாவி கொடுத்து, தட்டைப் போட்டு, சுருதிப்பெட்டியை ஊதவிட்டுக்கொண்டு கேட்டேன். பல்லவியில் இரண்டும் சேர்ந்து நின்றன. சரணத்தில் பாடகியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிப் போயிற்று. இத்தனை வருஷமாக நானும் கூடவே இறங்கியிருக்கிறேன்; அதை உருக்கம் என்றுகூட நினைத்திருக்கிறேன். பிறகு அப்பாவின் கையை மனத்தில் விலக்கிவிட்டு, முழுச் சாவியும் கொடுத்தேன். வில் அறுந்துபோகவில்லை. சரணம் நேராக நின்றது. எனக்கு அது முன்பின் கேட்காத பாட்டாக இருந்தது.

மறுநாள் போனேன். நிரூபணமான பிறகு போகாமல் இருப்பது நேர்மையாகாது என்று தோன்றியது. என் வெட்கம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. முத்தையா எழுந்து, "டீச்சர், நேத்து வாய் துடுக்கா..." என்று ஆரம்பித்தார். "பரவாயில்லைங்க" என்று சொல்லிக் கடைசி வரிசைக்குப் போனேன். பத்மாசனி அம்மாள் வசந்தாவிடமிருந்து தம்பூராவை வாங்கி என் மடியில் சாய்த்து வைத்தார். "இத்தனை நாள் தப்பு பெட்டியோடது. இன்னிலேர்ந்து உங்களோடது" என்றார். அந்தக் கோடை வகுப்பு முடிகிறவரை நான் அங்கே பாடவில்லை. மற்றவர்கள் பாட, மீட்டிக்கொண்டு கேட்டேன். நாலைந்து நாளில், அவர்கள் எங்கே விலகுகிறார்கள் என்பது எனக்குக் கேட்க ஆரம்பித்தது. வீட்டில் பாடும்போது என்னுடையது மட்டும் கேட்கவில்லை.

கடைசி நாள் சபா அங்கத்தினர்கள் முன்னால் எல்லாரும் ஒரு பாட்டுப் பாட வேண்டும். நான் மாட்டேன் என்றேன். "வெட்கம் போகட்டும், அப்புறம் பாடறேன்" என்று சொன்னதாக நினைவு. அவர் தன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அது போகாது. அதையும் பக்கத்துல உக்கார வெச்சுண்டுதான் பாடணும்" என்றார். அப்போதும் நான் பாடவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை. கல்லூரி திறந்த அன்று வசந்தா மாடிப்படியில் என்னை நிறுத்தி, "மிஸ், நான் யார்கிட்டயும் சொல்லலை" என்றாள். அவள் எல்லாரிடமும் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் கேலி ஓய்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு பல வருஷம், சனிக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்துக்குப் போய் அவர் எதிரில் பாடினேன். பாராட்டு என்று ஒன்றும் கிடைக்கவில்லை. முடித்ததும், "இன்னிக்கு இறங்கித்து" என்பார், அல்லது "இன்னிக்கு இறங்கலை" என்பார். அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். என்னால் கேட்டுக்கொள்ள முடியாததை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருஷமும் சபாவின் ஆண்டு விழாவன்று கூட்டத்துக்கு நடுவே என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் மாட்டேன் என்று தலையை அசைப்பேன். அவர் அடுத்தவரைக் கூப்பிடுவார். இந்த வருஷமும் பார்த்தார். இந்த வருஷமும் அசைத்தேன்.

அதனால்தான், போன மாதம் அவருக்காக அதே பள்ளிக்கூடக் கூடத்தில் நாம் கூடியபோது, யாரும் கூப்பிடாமலே நான் எழுந்து வந்தேன். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். வசந்தா தம்பூராவை வைத்துக்கொண்டாள். இப்போது அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. அன்று குழந்தையை முத்தையா தோளில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பழைய பாட்டையே பாடினேன். சரணத்தின் இரண்டாவது அடியில் குரல் இறங்கியது.

என் காதிலேயே விழுந்தது. யாரும் சொல்லவில்லை, சொல்வதற்கு அவர் அங்கே இல்லை. நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. தம்பூராவைக் கேட்டு, மெதுவாக மேலே ஏறி, அடியை முடித்தேன். முகம் கொதித்தது. இன்னும் கொதிக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்த இரண்டும்தான்: நான் இறங்குவது எனக்கே கேட்கிறது, வெட்கம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பாட்டை முடிக்க முடிகிறது. வீட்டுக்குப் போய்க் கிராமபோனைத் துணி போட்டு மூடினேன். இந்தச் சனிக்கிழமை வசந்தா தம்பூராவோடு உறையூருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.