மேடைக்கு எத்தனை உயரம்

ஈரச் சரிவில் வழுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்ட பிறகு என் மனைவியால் நிற்க முடிந்தது, தரையில் உட்கார முடியாமல் போனது. எங்கள் அடுப்படியிலோ அடுப்பு, அரிவாள்மனை, அம்மி எல்லாமே தரையில். நான் சமைத்தேன், அவள் நாற்காலியில் இருந்தபடி உப்புக்கும் புளிக்கும் அளவு சொன்னாள். ஆயக்குடியிலிருந்து வந்து பார்த்த அவள் அண்ணன், ஈஸ்டருக்குள் இது சரிப்படாவிட்டால் தங்கையை அழைத்துப் போய்விடுவதாகச் சொன்னார். அவளுக்குப் போக மனமில்லை. எனக்கு அனுப்ப மனமில்லை.

நான் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் கிளார்க். அங்கே வெள்ளைக்காரர்களின் சமையலறையில் இடுப்புயர மர மேடை ஒன்று உண்டு. நின்றுகொண்டே எல்லா வேலையும் பார்ப்பார்கள். அதுபோல ஒன்று செய்துவிடலாம் என்று தோன்றியது. அதுவரை உளி பிடித்ததில்லை. ஆனால் எதையும் நோண்டிப் பார்க்காமல் விடுகிற ஆளும் இல்லை நான்.

ஐப்பசிக் காற்றில் சாய்ந்த யூகலிப்டஸ் மரத்தை அறுத்தவர்கள் மூன்று பலகை கொடுத்தார்கள். ஒரே சொரசொரப்பு, ஒரே ஈரம். காயாமல் செய்தால் கோணிக்கொள்ளும் என்றார்கள். காய்ந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்ட நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள். ஈரம் போனால் எடை குறைய வேண்டுமல்லவா? பலகையில் ஒரு துண்டு அறுத்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஜாரில் மளிகைக்கடை பாயின் தராசில் வைத்தேன். வாராவாரம் வைத்தேன். மூடுபனி இறங்கிய ஒரு வாரம் எடை கூடிவிட்டது.

“என்னங்க கிளார்க்கு சார், போன வாரத்துக்கு இந்த வாரம் கனத்துக் கெடக்கு! சோறு போட்டு வளக்குறீங்களா?” என்றார் பாய்.

மரம் பனியைக் குடிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பலகைகளையும் துண்டையும் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினேன். வீட்டில் பேச்செல்லாம் எடையைப் பற்றித்தான். மாசியில் மூன்று வாரம் தொடர்ந்து எடை அசையவில்லை. இழைப்புளி இரவல் வாங்கி இழைத்தேன், கையெல்லாம் கொப்புளம். பள்ளி மேடையின் உயரத்தை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துவந்து, அதே அளவுக்குக் கால் வைத்தேன். துளி பிசகவில்லை.

குருத்தோலை ஞாயிறன்று அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து மேடை முன்னால் நிறுத்தினேன். மேடை அவள் நெஞ்சுக்கு வந்தது. கத்தியை எடுத்து வெங்காயத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். முழங்கை தோள் வரைக்கும் தூக்கிக்கொண்டது.

“இத்தன மாசமா மரத்த நிறுத்து நிறுத்துப் பாத்தீங்களே, என்னைய ஒரு நா அளந்து பாத்தீங்களா?”

கத்தியை மேடைமேல் வைத்துவிட்டாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பள்ளிச் சமையலறை மேடை முன்னால் நின்று சமைப்பவர்கள் ஆறடி ஆட்கள். இவள் என் தோளுக்கும் எட்டமாட்டாள். அது எனக்குத் தெரியாததா?

மேடையைத் தள்ளிவிட்டு அவளைச் சுவரோரம் நிற்கச் சொன்னேன். வெறுமனே வெங்காயம் நறுக்குவதுபோல் கையை ஆட்டச் சொன்னேன். கோபத்திலும் சிரித்துவிட்டாள். கை சிரமமில்லாமல் ஆடிய இடத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். பிறகு கால்களை அந்தக் கோட்டுக்குச் சரியாக அறுத்தேன். நாலு காலிலும் ஒரு சாண் போயிற்று.

ஈஸ்டருக்கு அண்ணன் வந்தபோது மேடைமேல், தரை அடுப்புக்குப் பதிலாக நான் வாங்கிவைத்த மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது.

“உக்காருண்ணே, வெரசா ஆயிரும்,” என்றாள் அவள், நறுக்குவதை நிறுத்தாமலே.

அவர் இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆயக்குடிப் பேச்சை எடுக்கவேயில்லை.