பச்சை மையில் மூன்று வரி

“செவ்வாய், மாலை 4.45. மூன்று கண்ணாடியும் முழுசாக இருக்கின்றன.”

பள்ளி நோட்டு ஒன்றின் கடைசிப் பக்கத்தில், நீல மையில், என் கையெழுத்தில் உள்ள பதிவு இது. அப்போது எனக்குத் தேதி போடும் பழக்கம் இல்லை, கிழமை மட்டும்தான். அட்டையில் ஏழாம் வகுப்பு என்று இருப்பதால் ஆண்டு 2012 என்று உறுதியாகச் சொல்லலாம். மாதம் மார்கழி. பொங்கல் வியாபாரத்துக்குக் கடைகள் வெள்ளையடித்துக்கொண்டிருந்த நேரம்.

அம்மா கொத்தனார். சித்தாளாகக் கலவை சுமக்கப் போனவள், ஒருநாள் மாமாவின் கரண்டியை வாங்கிப் பூசிக் காட்டினாள். அதன் பிறகு கரண்டியைத் திருப்பித் தரவே இல்லை. மாமா, அம்மாவின் அண்ணன், கடலூரில் கடைக் கட்டிடங்களின் பழுது வேலைகளை ஒப்பந்தம் எடுப்பவர். பெயர்ந்த சன்ஷேடு, ஒழுகும் மொட்டைமாடி, உப்புக்காற்றில் பொரிந்த சுவர் என்று வருடம் முழுக்க வேலை இருந்தது.

அந்த மார்கழியில் திருப்பாதிரிப்புலியூர் கடைவீதியில் ஒரு பழைய கட்டிடம் வந்தது. கீழே பாத்திரக் கடை. மாடியில் தட்டச்சுப் பயிலகம், மாலை ஆனால் நாற்பது பெண்களாவது இருப்பார்கள். வெளிப் படிக்கட்டை ஒட்டிய சுவரில் ஒரு விரிசல் மாடி ஜன்னல் வரை ஏறியிருந்தது. அதைச் சிமெண்டால் அடைத்துப் பொங்கலுக்குள் வண்ணம் அடித்துவிட வேண்டும் என்பது உரிமையாளரின் கட்டளை.

அம்மா அடைக்கவில்லை. விரிசலின் குறுக்கே மூன்று இடங்களில் விரல் அகலக் கண்ணாடித் துண்டுகளை வைத்து, இரண்டு முனைகளிலும் சிமெண்டை அப்பினாள். சுவர் சும்மா இருந்தால் கண்ணாடியும் சும்மா இருக்கும். அசைந்தால் உடையும். ஒரு மாதம் உடையாமல் இருந்தால் பூசுகிறேன், உடைந்தால் இது பூச்சு வேலையே இல்லை, அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். பூசச் சொன்னால் பூசிவிட்டுப் போகாமல் உன்னோடு ஒரே ரோதனை என்று வழியெல்லாம் புலம்பினார்.

என் பள்ளி பக்கத்துத் தெருவில் இருந்தது. தினமும் மாலை படியேறிக் கண்ணாடிகளைப் பார்த்து நேரத்தோடு எழுதிவைக்கும் வேலையை அம்மா எனக்குக் கொடுத்தாள். எட்டு நாள் தவறாமல் எழுதினேன். ஒன்பதாம் நாள் பள்ளியில் கபடி அணிக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று நாள் மைதானத்திலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் இரவு பயம் வந்து, விட்டுப்போன மூன்று நாளுக்கும் ஒரே மூச்சில் “முழுசாக இருக்கின்றன” என்று எழுதினேன். நீலப் பேனாவில் மை தீர்ந்திருந்ததால் பச்சையில் எழுதினேன்.

மறுநாள் சனிக்கிழமை. அம்மாவோடு போனபோது நடுக் கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

அம்மா என் கையிலிருந்த நோட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு படிக்கட்டின் அடியில் போய் நின்றுகொண்டு, வகுப்புக்கு வந்த பெண்களை மேலே விட மறுத்தாள். கூட்டம் சேர்ந்தது. பயிலக ஆசிரியை வந்தார், உரிமையாளரும் வந்தார். ஏதாவது ஒரு பெண் பையால் இடித்திருப்பாள் என்று அவர் சிரித்தார்.

“சித்தாளா இருந்தவள கொத்தனாருன்னு கூட்டியாந்தா இப்படித்தான். நீ பூச வேணாம்மா. நாளைக்கே சிதம்பரத்துலேருந்து ஆள் வருவான்.”

“வரட்டுங்க. தாராளமா பூசட்டும். மொதல்ல மேல இருக்கற டைப்பு மிஷின எறக்குங்க.”

மாமா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள். நோட்டைப் பிரித்து, பக்கத்தின் கீழ்ப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி ஆசிரியையின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“டீச்சர், எம்பொண்ணு நாள் தவறாம பாத்து எழுதியிருக்கா. நேத்து சாயந்தரம் முழுசா இருந்துச்சு. இன்னிக்கி வுட்டுப்போச்சு. ஒரு ராத்திரில நவுர்ற செவுரு இது. இதுக்கு மேல ஒங்க இஷ்டம்.”

ஆசிரியை நீல வரிகளில் கண்ணை ஓட்டினார், கடைசி வரியின் கிழமையைக் கவனிக்கவில்லை. பெண்களை வீட்டுக்கு அனுப்பினார். பொங்கலுக்குள் பயிலகம் வேறு தெருவுக்குப் போய்விட்டது. சிதம்பரத்து ஆள் வந்து விரிசலை அடைத்து, மேலே ரோஸ் வண்ணமும் அடித்தார். அந்த உரிமையாளர் எங்களை மறுபடி கூப்பிடவே இல்லை.

அந்தச் சுவர் இன்றுவரை விழவில்லை. மாமா வருடத்துக்கு ஒருமுறையாவது இதைச் சொல்லிக்காட்டுவார். “ஒஞ்செவுரு இன்னும் நிக்குதாமே.” அம்மா சளைத்ததில்லை. “நிக்கட்டும். அது மேல நாப்பது புள்ளைங்கள ஏத்தி வுட்டு யாரு சோதிக்கறது? நீ ஏர்றியா?”

அன்று கட்டைவிரல் அங்கே விழுந்ததை என் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். பச்சை வரிகள் தப்பித்தன, நானும் தப்பித்தேன் என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். நீட்டுவதற்கு முன்பு அவள் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்திருந்தாள் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. பச்சை வரிகளைப் பார்த்துவிட்டுத்தான் மறைத்தாயா என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். அடுப்பிலிருந்து திரும்பாமலே பதில் சொன்னாள்.

“கண்ணாடி ஒடஞ்சுது நெசந்தானே?”

ஆண்டும் மாதமும் உறுதி. செவ்வாய் மாலைக்கும் சனி காலைக்கும் இடையில் அது எந்த நாள் உடைந்தது, சுவர் உடைத்ததா அல்லது யாருடைய பையாவது இடித்ததா என்பது மட்டும் இன்னும் சரிபார்க்கப்படவில்லை.