டவருக்காகக் காத்திருந்த பெட்டி

அன்னக்கொடிக்குச் சொந்த ஊர் பேரையூர். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்ததும் சமயநல்லூரில் வெள்ளைத்துரையின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். கிணற்று மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பெட்டிகள் அங்கே தயாராயின. அவற்றுக்குள் இருக்கும் சிறிய கம்ப்யூட்டருக்கு அவள்தான் புரோகிராம் எழுதினாள். தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆறு வருடம் ஒரு புகாரும் இல்லை.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் விவசாயியின் போனுக்கு மெசேஜ் போக வேண்டும் என்று வெள்ளைத்துரை ஒருநாள் கேட்டார்.

"இந்தப் புரோகிராம்ல அதைச் சேர்க்க முடியாதுண்ணே. டவர் கிடைக்கிற வரைக்கும் பொட்டி அதுலயே நின்னுரும். அந்நேரம் தண்ணி வத்துனா யாரு பாக்குறது?"

"கம்ப்யூட்டர்தான? எல்லாத்தையும் பாக்கும்."

"பாக்காதுண்ணே. அந்தக் காலத்துப் பெரிய கம்ப்யூட்டரே ஒரு நேரத்துல ஒரு வேலைதான் செஞ்சுச்சு. பிரிண்டர் அடிச்சு முடிக்கிற வரைக்கும் அம்புட்டுப் பெரிய மிஷின் சும்மா கெடந்துச்சு. அதனாலதான் மத்த புரோகிராமுக்கெல்லாம் மேஸ்திரியா ஒரு புரோகிராமை வச்சாங்க. காத்துக் கெடக்குற வேலைய ஓரமா நிறுத்திட்டு, அடுத்த வேலைக்கு மிஷினைக் குடுக்கும். அதான் ஆபரேட்டிங் சிஸ்டம். சின்னதா ஒண்ணு நம்ம பொட்டிக்கும் வேணும். மூணு மாசம் குடுங்க."

"எனக்கே பாடம் எடுக்குறியா?" என்றார் அவர்.

மறுவாரம் வேறொருவன் அவளுடைய புரோகிராமிலேயே மெசேஜை ஒட்டிவைத்தான். அவளுக்கு வேலை போனது. அது போதாதென்று, அவள் எழுதியதெல்லாம் தப்பு என்று மதுரையில் பெட்டி விற்கும் ஏழு கடைகளுக்கும் போன் போட்டுச் சொல்லிவைத்தார் வெள்ளைத்துரை. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அவளை வாசலோடு அனுப்பினார்கள்.

அன்னக்கொடி அழவில்லை. ஒத்தக்கடையில் இருந்த தன் வீட்டில் இரண்டு வருடம் உட்கார்ந்து, சிறிய ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு தன் சொந்தப் பெட்டியைச் செய்தாள். அந்த ஆளை ஊர் பார்க்க நிறுத்த வேண்டும் என்ற நினைப்பு மட்டும் சோறு தின்னும்போதுகூட விலகவில்லை.

பேரையூரில் விவசாயக் கண்காட்சி நடந்தது. வெள்ளைத்துரை தன் பெட்டியை மாட்டிய மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் போனாள்.

"அண்ணே, நம்ம காட்டுல டவர் சரியா கெடைக்காது. பொட்டியோட ஆன்டெனாவைக் கழட்டிட்டு ஓட்டிக் காட்டுங்க."

கூட்டமும் அதையே கேட்டது. மறுக்க வழியில்லாமல் அவர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டார். பெட்டி டவரைத் தேடத் தொடங்கியது. ஒரே நிமிடத்தில் தொட்டி காலியானது. மோட்டார் நிற்கவில்லை. வெறும் காற்றை இழுத்துக் கத்தியது. அவர் சுவிட்சுக்குக் கை நீட்டினார். அவள் குறுக்கே நின்றுகொண்டாள்.

"இருங்கண்ணே. பொட்டியே நிறுத்தட்டும்."

நாலாவது நிமிடம் கருகல் வாடை அடித்து மோட்டார் அடங்கியது. அதன் பிறகு அவள் தொட்டியை மறுபடி நிரப்பி, தான் கொண்டுவந்த மோட்டாரை இறக்கித் தன் பெட்டியை மாட்டினாள். அதற்கும் ஆன்டெனா இல்லை. தண்ணீர் வற்றிய இரண்டாவது நொடியில் அவளுடைய மோட்டார் நின்றது.

கூட்டம் கலைந்ததும் வெள்ளைத்துரை வந்தார். "தாயி, அந்தப் புரோகிராமை எனக்குக் குடு. பட்டறையே ஒன்னைய நம்பித்தான் இருக்கு."

"ஏழு கடைக்கும் போனைப் போடுங்க. ஸ்பீக்கர்ல."

ஒவ்வொரு கடைக்காரரிடமும் அவர் சொன்னார்: "அன்னக்கொடி மேல தப்பில்ல. நான் சொன்னது பொய்." நாலாவது கடைக்காரர் சிரித்துவிட்டார். ஏழாவது கடைக்காரரிடமும் சொல்லி முடித்துவிட்டு வெள்ளைத்துரை அவள் பக்கம் திரும்பினார்.

"இப்பக் குடுப்பியா?"

"மாட்டேன்."

அவள் வயர்களைச் சுருட்டிப் பையில் வைத்தாள். கூட வந்த கணவன் அருள்பாண்டி, "இம்புட்டு வேணுமாடி?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இன்னும் ரெண்டு கடை இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள் அன்னக்கொடி.