அப்பா மொழிபெயர்த்த சிரிப்பு

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு பத்துக்கு அப்பாவின் குரல் போய்விட்டது. காலையிலிருந்தே கரகரப்பு இருந்தது. அம்மா மிளகைத் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்திருந்தாள். கேசட்டை டெக்குக்குள் தள்ளிவிட்டு, கூடத்துப் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து அப்பா வாயைத் திறந்தார். காற்று மட்டும்தான் வந்தது.

அது எப்பேர்ப்பட்ட விபத்து என்று விளங்க வேண்டுமானால் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒரு பெட்டி நிறைய வீடியோ கேசட் வாங்கி வந்திருந்தார். எல்லாம் ஒரே அமெரிக்கக் குடும்பத்தின் கதை. அப்பா, அம்மா, மகள், மருமகன். அந்த அப்பா எந்நேரமும் செய்தித்தாளும் கையுமாக இருப்பார். கறுப்பர்கள், வெளிநாட்டுக்காரர்கள், வேலைக்குப் போகும் பெண்கள், நீள முடி வளர்த்த பையன்கள் என்று உலகத்தில் உள்ள ஒவ்வொரு வகை மனிதரைப் பற்றியும் அவரிடம் ஒரு அபிப்பிராயம் இருக்கும். அதை அவர் சொல்லி முடித்ததும், முகம் தெரியாத ஒரு கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்தக் காலத்து ரங்கூனில் இங்கிலீஷ் படம் போட்டால், மொழி தெரிந்த ஒருவர் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். பசுந்தாங் பேட்டையில் எங்கள் கட்டடத்துத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் அந்த ஆள் அப்பாதான். இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர், துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். பர்மிய மொழியில் ஆசிரியருக்குச் சொல்வதைப் போல எல்லோரும் அவரை ‘சயா’ என்றே கூப்பிட்டார்கள்.

அப்பாவின் மொழிபெயர்ப்பில் அந்த அமெரிக்கக்காரர் ஒரு உத்தமர். ஊர் கெட்டுப்போவதைப் பொறுக்காமல் தன்னந்தனியாகக் குரல் கொடுப்பவர். பக்கத்து வீட்டுக்குக் கறுப்பர்கள் குடிவந்தால், “வேற ஆளுங்க வந்துட்டாங்க, இனிமே இந்தத் தெரு வெளங்குமா?” என்று அப்பா நம் தெருவையே அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவார். ஆனால் கீழே மளிகைக் கடை வைத்திருந்த பாய் வந்திருக்கும் நாட்களில், மதம் சம்பந்தப்பட்ட வசனங்கள் மட்டும் அப்பாவின் காதில் விழாது.

“அவங்க எதுக்கு சயா சிரிக்கிறாங்க?” என்று எதிர்வீட்டு அத்தை ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

“நெத்தியில அடிச்ச மாதிரி சொன்னாருல்ல, அதுக்கு.”

உடனே எங்கள் கூடமும் சிரிக்கும். டிவிக்குள் சிரிப்பவர்கள் முடித்த பிறகு, நாங்கள் தொடங்குவோம். “நம்ம சயா மாதிரியே இருக்காரு,” என்பாள் அத்தை. அப்பா தலையைக் குனிந்துகொள்வார். அந்த வெட்கத்தை வேறு எப்போதும் அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வரக் காரணம் என் மகள். பாங்காக்கில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகிவிட்டது. சில நாட்கள் கழித்து அவளிடமிருந்து ஒரு வீடியோத் துண்டும் ஒரு வரியும் மட்டும் வந்தன. “தாத்தா போட்டுக் காட்டுவாருன்னு சொல்லுவியே, இதுவா?” அதேதான். அதே செய்தித்தாள், அதே சிரிப்பு. பசுந்தாங்கில் அதே மூன்றாவது மாடியில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். மின்சாரம் வரும் நேரம் பார்த்துப் போனைச் சார்ஜ் செய்து, அந்தத் துண்டுக்குக் கீழே உலகத்தார் எழுதியிருந்த கருத்துகளை ஒன்று விடாமல் படித்தேன். இந்த மனிதர் ஒருவர்தான் உண்மை பேசினார் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரைக் கேலி செய்யத்தானே எடுத்தார்கள், அதுகூடப் புரியவில்லையா என்று இன்னொருவர். இந்தக் காலத்தில் இப்படி எடுக்க விடுவார்களா என்று வேறொருவர். என் அப்பாவும் இப்படித்தான், இப்போது அவர் உயிரோடு இல்லை என்று எழுதியிருந்தவருக்கு மட்டும் யாரும் பதில் போடவில்லை. மகளுக்கு என்ன எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். எனக்கு ஒன்பது வயது. அப்பா தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க, பாய்தான் சொன்னார்: “அதுக்கென்ன சயா, மக இருக்குல்ல? அதுவும் இங்கிலீஷ் படிச்ச புள்ளதான. அது சொல்லட்டும்.”

அக்கா கல்லூரி முடித்து ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக அவள் யாருடனும் பேசவில்லை. சமையலறையிலிருந்து வந்து அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தாள். அப்பா கையை ஆட்டினார். வேண்டாம் என்கிறாரா, தொடங்கு என்கிறாரா என்று யாருக்கும் விளங்கவில்லை.

அன்றைய கதையில் மகளின் தோழி ஒருத்தி, வேற்று இனத்துப் பையன் ஒருவனை அந்த வீட்டுக்கு அழைத்து வருகிறாள். அக்கா கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்த மனிதர் சொன்னதை அவர் சொல்வதாகவும், மருமகன் மடக்கியதை மருமகன் சொல்வதாகவும், தட்டையான குரலில் சொல்லிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு அதிசயம் நடந்தது. டிவிக்குள் சிரித்த அதே நொடியில் எங்கள் கூடமும் சிரித்தது. விளக்கம் தேவைப்படவில்லை. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அட அல்லா, இந்தாளு வெறும் வாய்ச்சவடால்தானா! நாம இத்தன நாளா பெரிய மனுசன்னுல்ல நெனச்சோம்!”

“நான் அப்பவே சொன்னேன், மொகமே சரியில்லன்னு,” என்றாள் அத்தை.

“எப்ப சொன்னீங்க? நம்ம சயா மாதிரியே இருக்காருன்னுதான சொன்னீங்க?” என்றார் பாய்.

அதற்குப் பிறகு யாரும் அப்பா இருந்த பக்கம் திரும்பவில்லை. டிவிக்குள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அந்த மனிதர் செய்தித்தாளை வீசியெறிந்து ஏதோ சொன்னார். அக்கா திரையைப் பார்க்காமல் சொன்னாள்: “அந்தக் கூட்டத்துல போய் விழுந்தேன்னா, எனக்கு மகளே பொறக்கலன்னு நெனச்சுக்கிறேன். அவன் இந்த வாசப்படிய மிதிச்சா, நான் இந்த வீட்ட விட்டு எறங்கிடுறேன்.” அந்த மனிதரின் வாய் மூடி வெகுநேரம் கழித்தும் அக்கா பேசிக்கொண்டிருந்தது எனக்கு லேசாக உறைத்தது. இங்கிலீஷில் சுருக்கமாகச் சொல்வதைத் தமிழில் நீட்டித்தான் சொல்ல வேண்டும்போல என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் டியூஷனுக்குப் போயிருந்தபோது, சமையலறையில் அப்பா அக்காவிடம் சொன்ன வார்த்தைகள் அவை. அவளோடு வேலை பார்த்த பர்மியப் பையனைப் பற்றிய பேச்சு. இதை அம்மா எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு. மகள் அனுப்பிய துண்டு அதே கதையின் கடைசிக் காட்சிதான். அதில் அந்த மனிதர், “என் வீட்டில் நடக்காது,” என்கிறார். அவ்வளவுதான். அக்காவிடம் போனில் கேட்டேன். ஞாபகம் இல்லை என்றாள். அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது.

வாரத்தின் நடுவில் அப்பாவுக்குக் குரல் திரும்பியது. ஆனால் அக்காவோடு பேசுவதற்கு அது திரும்பவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட என்னிடம் சொல்லி அவளிடம் கேட்கச் சொன்னார். ஒரே மேசையில் மூன்று பேருக்கு நடுவில் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை வேலைக்குப் போன அக்கா சாயங்காலம் வரவில்லை. தோழி வீட்டில் தங்குகிறாள் என்று அம்மா சொன்னாள். நானும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் பாயை விரித்தேன். அப்பா டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. பாய்க்குக் கடையில் சரக்கு இறங்குகிறதாம். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே ரேடியோ கேட்டது. அப்பா கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு, அணைந்திருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை துக்கமும் கதை பார்க்க ஆள் வராததால்தான் என்று எனக்குத் தோன்றியது. அவர் மேல் எனக்குப் பாவமாக இருந்தது. பால்கனிக்குப் போய், தெருவில் போகிறவர்களில் யாராவது நம் வீட்டுக்கு வரமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் படியேறி வந்தது நான் முன்பின் பார்த்திராத ஒரு பர்மிய அம்மா. கன்னத்தில் சந்தனம்போல் அரைத்துப் பூசியிருந்த தனக்கா வேர்வையில் கரைந்திருந்தது. மூச்சு வாங்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் பர்மிய மொழியில், “இன்னும் ஆரம்பிக்கல, வந்து உக்காருங்க,” என்றேன். அவரும் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்.

“உங்க மக எங்க வீட்டுலதான் இருக்கா,” என்றார். “பயப்படாதீங்க. ராத்திரி என் பக்கத்துலதான் படுத்திருந்தா. மகன அவன் அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டேன்.”

சமையலறை வாசலில் நின்ற அம்மா, “சாப்பிட்டாளா?” என்றாள்.

“கொஞ்சம் சாப்பிட்டா.”

அப்பா நிமிரவில்லை. “உங்க வீட்டுக்காரர் வரலையா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த அம்மா புடவை கட்டிய என் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். “அவர் யாரோடயும் பேசல. மூஞ்சிக்கு நேரா பேப்பரப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். கலா பொண்ணு இந்த வீட்டுக்கு எதுக்குன்னு கேக்கறார்.”

கலா. இந்தியர்கள் என்று எங்களை இளக்காரமாகத் தெருவில் சொல்லும் பர்மியச் சொல். எங்கள் வீட்டுக்குள் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவின் மடியிலிருந்த கேசட் கீழே விழுந்தது.

“என் பொண்ணுக்கு என்ன கொறச்சலாம்?” அப்பாவின் குரல் மறுபடி கரகரத்தது. “பட்டம் வாங்கினவ. அவ இங்கிலீஷ் பேசிக் கேட்டிருக்காரா அந்த மனுஷன்?”

“அத நீங்களே வந்து அவர்கிட்ட சொல்லுங்க,” என்றார் அந்த அம்மா. “நான் சொன்னா அவருக்குப் புரியமாட்டேங்குது.”

அப்பா எழுந்து அலுவலகச் சட்டையை மாட்டிக்கொண்டார். அந்த வீட்டிலும் ஒரு டெக் இருக்கிறது, இங்கிலீஷ் தெரியாமல் யாரோ படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், மொழிபெயர்க்கத்தான் அப்பாவைக் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்து, விரித்த பாயில் தனியாக உட்கார்ந்தபடி நான் சந்தோஷப்பட்டேன்.