கவிழ்ந்த கூடை

என் வீட்டு வாசலில், கதவுக்கு வலப்பக்கத்து ஆணியில், பனையோலைக் கூடை ஒன்று வாய் கீழாகத் தொங்குகிறது. நான் கவிழ்க்கவில்லை. ஓய்வு பெற்று அனுப்பம்பட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அது நிமிர்ந்துதான் தொங்கியது. மழையில் நனைந்தால்கூட நிமிர்ந்தபடியே காயவிடுவேன். அதனால் அடியில் கொஞ்சம் பூஞ்சை பிடித்திருக்கிறது. தூக்கிப் போடச் சொல்லி எதிர்வீட்டுப் பெண் இரண்டு முறை சொல்லிவிட்டாள். கண் ஆபரேஷன் முடிந்து உலகமே பால் கலந்த தண்ணீர்போலத் தெரியும் இந்த நாட்களில், நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கப் பார்க்க ஸ்டேஷன் பக்கத்து ரயில் சத்தம் அடங்கி ஏரி வந்துவிடுகிறது.

பழவேற்காட்டு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஒரு சின்னக் குப்பத்துக்குச் செவிலியராகப் போனபோது எனக்கு மீனும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. நான் திருத்தணிப் பக்கத்து மேட்டுக்காட்டுக்காரி. குப்பத்திலோ விடிகாலையில் வானம் எது, ஏரி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. படகுகள் அந்தரத்தில் நிற்கும். ஆட்கள் இடுப்பளவு வெளிச்சத்தில் நடந்து வருவார்கள். விழித்துக்கொண்டுதான் இருக்கிறேனா என்ற சந்தேகத்திலேயே முதல் வாரம் முழுக்க ஊசி போட்டேன். எனக்கு முன்னால் குவார்ட்டர்ஸில் இருந்தவர் விட்டுப்போன ஓலைக் கூடையைக் கழுவி, தண்ணீர் வடியட்டும் என்று வாசல் ஆணியில் கவிழ்த்து மாட்டினேன். அப்படியே மறந்தும் போனேன். மறுநாள் காலை கதவைத் திறந்தால், கூடைக்கு நேர்கீழே ஈரத்துணி போர்த்தி நான்கு மடவை மீன். அதற்கு மறுநாள் இறால். அதற்கும் மறுநாள், கால்களைக் கட்டிப்போட்ட நண்டுகள். வைத்தது யாரென்று தெரியவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவுமில்லை. வந்த வாரத்திலேயே ஊர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன்.

எட்டாம் நாள், பிரஷர் பார்க்க வந்த கர்ப்பிணி ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சம்பளம் இன்னும் வரலியா, நர்சம்மா?" அவளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்ட பிறகுதான் சங்கதி விளங்கியது. அந்தக் குப்பத்து ஆண்களுக்குள் ஒரு சகோதரர் சங்கம் இருந்தது. கட்டடம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. கரையோரத்துப் பூவரச மரம்தான் ஆபீஸ். புயலில் கூரை போன வீட்டுக்குக் கீற்று வேய்வார்கள், நோயாளியைப் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள், ஆளில்லாத சாவுக்குத் தோள் கொடுப்பார்கள். தினமும் படகு கரை சேர்ந்ததும், யாருக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்னால் சங்கத்துப் பங்கு என்று மீன் எடுத்து வைப்பார்கள். கஷ்டத்தில் இருக்கும் வீடு வாசல் கூடையைக் கவிழ்த்துவிட்டால் போதும், அந்தப் பங்கு வாசலுக்கு வந்துவிடும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. நிலைமை சரியானதும் அந்த வீட்டுக்காரரே கூடையை நிமிர்த்திக்கொள்வார். அந்த வாரம் இரண்டு கூடைகள் கவிழ்ந்திருந்தன. ஒன்று, புருஷனைக் கடலில் பறிகொடுத்தவளுடையது. மற்றது என்னுடையது. அவளுக்குப் போகவேண்டியதில் பாதியை எட்டு நாள் குழம்பு வைத்து, ருசித்துத் தின்றிருக்கிறேன்.

கூடையை நிமிர்த்திவிட்டு அழுதுகொண்டே சங்கத் தலைவரிடம் ஓடினேன். மரத்தடியில் வலையைக் காலில் மாட்டிக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தார். நெடிய ஆள், ஒட்டிய கன்னம். யாரோடு பேசினாலும் ஏரியைப் பார்த்துத்தான் பேசுவார். நான் சும்மா காயவைத்தேன் என்று அவருக்கு இரண்டாம் நாளே தெரிந்திருக்கிறது. பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கவுந்த கூடைய இன்னா ஏதுன்னு கேக்க ஆரம்பிச்சா, நாளைக்கு எவன் கவுப்பான், நர்சம்மா?"

அவ்வளவுதான் சொன்னார். அந்த எட்டு நாளும் அவளுக்குக் குறைந்ததைத் தன் வீட்டுப் பங்கிலிருந்து அவர் ஈடுகட்டிவந்தார் என்பது, பின்னால் அவர் மனைவி சொல்லித் தெரிந்தது. எனக்கு அவர்மேல் அன்று ஏற்பட்ட மரியாதை இன்றுவரை இறங்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவருக்கு இருமல் வந்தது. சளியைச் சோதனைக்கு அனுப்பினோம், காசநோய். ஆறு மாசம் மாத்திரை, நல்ல சாப்பாடு, அதுவரை தண்ணீரில் இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இவர் மாத்திரையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு மறுநாளே ஏரியில் இறங்கினார். வீட்டில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள்; இவர் போகாவிட்டால் அடுப்பு எரியாது. வாசல் கூடையோ நிமிர்ந்தே இருந்தது. எத்தனையோ முறை சண்டை போட்டேன். "நானே கவுத்தா அப்பால சங்கம் இன்னா ஆவுறது?" என்று சிரிப்பார், சிரித்தால் இருமுவார். துணியில் ரத்தம் பட்டதை ஒருநாள் பார்த்துவிட்டேன். இந்த மனுஷன் வீம்பினாலேயே செத்துப்போவார் என்று தோன்றியது.

மறுநாள் விடியும் நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். மூட்டமாக இருந்தது, ஏரி இருக்குமிடம் தெரியவில்லை, படகில் ஏறும் ஆட்களின் பேச்சு மட்டும் கேட்டது. வாசல் கூடையை எடுத்துக் கவிழ்த்து மாட்டினேன். அடுத்த வீட்டுக் கூடையைத் தொடுவது அந்தக் குப்பத்தில் பெரிய தப்பு என்று தெரிந்தேதான் செய்தேன். துடுப்போடு வெளியே வந்த தலைவர் கூடையைப் பார்த்தார். கரைப்பக்கம் பேச்சு நின்றுவிட்டது. வாசல் விளக்கு வெளிச்சத்தில், மூட்டத்துக்குள்ளிருந்து அவர்களும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. ஒரு கையை நீட்டி நிமிர்த்திவிட அவருக்கு எவ்வளவு நேரமாகும்? முதன்முதலாக ஏரியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா நர்சம்மா, காயப்போட்டீங்களா?"

"ஆமா தலைவரே, ஈரமா இருந்துச்சு."

துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ஆறு மாசமும் அந்தக் கூடையை அவர் தொடவில்லை. ஒருநாள்கூட மீன் வராமல் இருக்கவுமில்லை. உடம்பு தேறிய பிறகு அவரே நிமிர்த்தினார். எனக்கு மாற்றல் வந்தபோது என் சாமான்களை வண்டியில் ஏற்றியவர், ஓலைக் கூடையை மட்டும் கடைசியாக என் மடியில் வைத்தார்.

போன வாரம் அவர் இங்கே வந்திருந்தார். கண் ஆபரேஷன் என்று யார் சொன்னார்களோ, இந்த வயதில் பஸ்ஸும் ரயிலும் மாறி வந்துவிட்டார். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எனக்கென்ன குறை, எல்லாம் ஜோராக நடக்கிறது என்றேன். உண்மையில் நான்கு நாளாகக் கடை டீயும் ரொட்டியும்தான். அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. எதிர்வீட்டில் வாய்விட்டுக் கேட்க எனக்கு வராது. எல்லாருக்கும் வைத்தியம் பார்த்தவள், யாரிடம் போய்க் கேட்பது? மேஜைமேல் கிடந்த ரொட்டிப் பொட்டலத்தை அவர் ஒரு பார்வை பார்த்தார். போய்ட்டு வரேன் என்று எழுந்து போனார். சாயந்தரம் வாசலுக்கு வந்தபோது கூடை கவிழ்ந்திருந்தது. இந்த ஊரில் இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. தலைவரின் மூத்த மகள் நின்றிருந்தாள். கையில் ஈரத்துணி போர்த்திய பாத்திரம். ஆவியோடு மடவைக் குழம்பு வாசனை வந்தது. முந்தின ராத்திரியே வந்து பொன்னேரியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அங்கேயே சமைத்து எடுத்து வந்திருக்கிறாள். இன்று வரை குப்பத்திலிருந்து யாராவது ஒருத்தர் சாப்பாட்டோடு வந்துகொண்டே இருக்கிறார்கள்.

"கூடை ஈரமா இருந்துச்சாம், நைனா சொன்னாரு," என்றாள்.

மழை பெய்து இரண்டு மாசமாகிறது. "ஆமாம்மா, ஈரம்தான்," என்று சொல்லிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். கூடையை இன்னும் நிமிர்த்தவில்லை.