பொட்டு வைத்த தோட்டாக்கள்

பாக்கியரத்தினத்தாருக்கு அறுபது வயது முடிந்து ஐந்து மாதம். அதில் இருபத்தெட்டு வருடத்தைத் துறைமுகத்தில் கோதுமை மா மூட்டைகளுக்கு அடியில் கழித்தவர். மூட்டை சுமந்த வலது தோள் இப்போது தலை இழுக்கக்கூட உயர மறுக்கிறது. இடது கையால் சீப்பைப் பிடித்துக்கொண்டு, வலது கைக்கு முதலே பென்சன் கொடுத்தாயிற்று என்று மனுசன் பகிடி விடுவார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் மனைவி சிவாஜினி சிரிப்பதில்லை. அந்தத் தோளுக்கு எண்ணெய் போட்டு உருவி விடுகிறவள் அவள்.

ஊருக்கு அவர் பாக்கியர். வீடு பாலையூற்றில். கன்னியாவுக்கு அங்கால் இரண்டு ஏக்கர் காணியில், கிணற்றுத் தண்ணீரை நம்பிக் கச்சான் கடலை போடுகிறார். வேலையை விட்ட பிறகு ஆறுதலாக இருக்கலாம் என்று திருத்திய காணி அது. ஆறுதலைத் தவிர மற்றதெல்லாம் அங்கே விளைகிறது. விளைந்ததைத் தின்ன விடியப்புறம் பன்றி வரும், வெயில் ஏறக் குரங்கு வரும், இடைப்பட்ட நேரத்தை மயில் பார்த்துக்கொள்ளும். சீனவெடி கொளுத்தினால் குரங்குகள் மரத்தில் ஏறி வசதியாக இருந்து பார்க்கின்றன. தகரம் அடித்தாலும் அப்படித்தான். அவை மதிக்கிற ஒரே சத்தம் துவக்குச் சத்தம்.

துவக்கு இருக்கிறது. ஒற்றைக் குழல், இடையில் மடித்துத் தோட்டா போடுகிற பழைய சாமான். பயிர்க் காவலுக்கென்று பாக்கியரின் பேரில் அனுமதிப்பத்திரமும் இருக்கிறது. ஆனால் துவக்கு வெடிக்கும்போது பின்னுக்கு ஓர் உதை உதைக்கும், அதை அவருடைய தோள் தாங்காது. ஆகவே இரண்டு வருடமாக வெடி வைக்கிறவள் சிவாஜினிதான். பத்திரத்தில் பெயர் அவருடையது, தோள் அவளுடையது. ஊருக்கு இது தெரியும். ஊரும் எத்தனையோ விஷயத்தில் வாயை மூடிப் பழகியதுதான், இதையும் மூடிக்கொண்டது. அவள் குரங்கைச் சுடுகிறவளும் அல்ல. வானத்தைப் பார்த்து ஒன்று விடுவாள், அரை நாளைக்குக் காணி அமைதியாக இருக்கும்.

சிக்கல் தோட்டாவில்தான் வந்தது. விலை ஏறிய விதத்தைச் சொல்லி உங்களுக்கும் எரிச்சல் மூட்ட நான் விரும்பவில்லை. விலையை விடுங்கள், அதை வாங்க அனுமதி எடுக்க வேண்டும். அனுமதிக்குக் கடிதம், கடிதத்துக்கு இன்னொரு கடிதம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. பாக்கியருக்கு வரிசை அலுத்துவிட்டது. மண்ணெண்ணெய்க்கு நின்றவர், சமையல் காஸுக்கு நின்றவர், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சோதனைச் சாவடியில் பாதி இளமையை நின்று தீர்த்தவர். அவருக்கு வந்திருந்தது உடம்புக் களைப்பு அல்ல. நித்திரை கொண்டு எழும்பினாலும் போகாத களைப்பு.

ஆவணி மாதம் சிவாஜினி வவுனியாவுக்குப் போனாள், மகள் நிரோஜினியின் பிள்ளைப்பேற்றுக்கு. வீட்டில் தனியே இருந்த பாக்கியர் போனில் ஒரு படம் பார்த்தார். எங்கோ ஒரு நாட்டுக்காரன் வெடித்து முடிந்த வெறும் கோதுகளுக்கு மறுபடி மருந்தடைத்துப் புதுத் தோட்டா ஆக்குகிறான். அவனுடைய மேசையில் விதம் விதமான அச்சு, அழுத்தி, மயிரளவு பாரம் காட்டும் தராசு. கண்ணுக்குக் கண்ணாடி வேறு. பாக்கியரிடம் இருந்தது ஒரு தேக்கரண்டி. அவன் சொன்ன பாஷையும் இவருக்கு விளங்காது. ஆனாலும் கை செய்வதைக் கண் பார்த்தால் போதும் என்று நினைத்துவிட்டார். துறைமுகத்தில் வேலை பழகியது அப்படித்தானே!

யானை விரட்ட அரசாங்கம் கொடுத்த பெரிய வெடிகளில் மிஞ்சியிருந்ததை உடைத்து மருந்தெடுத்தார். அது துவக்குக்கு உரிய மருந்தே அல்ல, பட்டாசு மருந்து. மற்றதையெல்லாம் எப்படிச் சரிக்கட்டினார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் இன்னொரு மடையன் செய்து பார்ப்பான். இரண்டு பின்னேரம் குசினியில் குந்தியிருந்து நாலு தோட்டா செய்தார். இது சட்டத்துக்கு விரோதம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு ரோச் லைற் பற்றறிக்காக ஆமி பெடியன்களைக் கூட்டிப்போன காலத்தை இந்த ஊரில் இருந்து கண்டவர். வெடிமருந்து பட்ட கையோடு ஒரு தமிழன் வீட்டில் இருப்பது என்றால் என்னவென்று அவருக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தெரிந்தும் செய்தார்.

செய்து முடித்துப் பார்த்தால் வீட்டில் மிஞ்சியிருந்த கடைத் தோட்டா ஐந்தும் இந்த நாலும் ஒன்று போலவே இருந்தன. இவை சிவாஜினியின் கைக்குப் போகக் கூடாது என்பதில் மட்டும் பாக்கியர் கவனமாக இருந்தார். சாமியறைக்குப் போய், குங்குமத்தைத் துளி எண்ணெயில் குழைத்து, தான் செய்த நாலுக்கும் அடியில் ஒவ்வொரு பொட்டு வைத்தார். வைத்து, வெறும் பால்மா ரின்னில் போட்டு, அலுமாரிக்கு மேலே பழைய பாய்களுக்குப் பின்னால் ஒளித்தார். அவள் வவுனியாவிலிருந்து வந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இடது தோளில் வைத்தாவது தானே வெடித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தார். அந்த ஒரு நாளும் களைப்பில் தள்ளித் தள்ளிப் போனது.

வாணிவிழாவின் கடைசி நாள், விஜயதசமி. கச்சான் கிண்ட ஒரு கிழமைதான் இருந்தது. பாக்கியர் விடிய ஆறு மணி பஸ்ஸில் ரவுனுக்குப் போய் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கிற வரிசையில் நின்றார். ஒன்பது மணிக்கு அவருடைய முறை வந்தது. ஒரு கையெழுத்துக் குறைகிறது, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்கள். அவர் வாதாடவில்லை. வாதாடுகிறதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். பஸ் பிடித்துத் திரும்பி வந்தார்.

வீடு பூட்டியிருந்தது. திறப்பை எடுத்து உள்ளே போய்ச் சேட்டைக் கழற்றும்போதே சாமியறையில் சாம்பிராணி மணத்தது. எட்டிப் பார்த்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் மண்வெட்டி, கத்தி, மருந்தடிக்கிற தாங்கி, அவளுடைய தையல் கத்தரிக்கோல், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் தோட்டாக்கள். ஆறு இருந்தன. ஆறுக்கும் அடியில் சிவப்புப் பொட்டு.

அலுமாரிக்கு மேலே தடவிப் பார்த்தார், ரின் இல்லை. குசினிக்கு ஓடினார். பால்மா ரின் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது.

ஒன்பதில் ஆறு என்றால் மூன்றைக் கொண்டுபோய்விட்டாள். துவக்கும் இல்லை. எந்த மூன்று? பாக்கியர் தாம்பாளத்தில் கிடந்தவற்றை எடுத்துக் காதோரம் குலுக்கினார், கையில் வைத்துப் பாரம் பார்த்தார், வெளிச்சத்தில் உருட்டினார். சனியன்கள், ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. அவளுக்குப் போன் எடுத்தார். மணி சாமியறைக்குள்தான் அடித்தது. போனையும் ஓர் ஆயுதமாக நினைத்து, அதற்கும் பொட்டு வைத்து, படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

சேட்டுப் போடாமலே சந்திக்கு ஓடினார். ஜவாஹிரின் ஓட்டோ நின்றது. கிண்ணியாக்காரன், பாலையூற்றுச் சந்தியில் பத்து வருடமாக ஓடுகிறவன்.

“என்ன அண்ணன், இப்படி மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்கா?”

“இல்லைத் தம்பி. காணிக்கு. கெதியா விடுங்கோ.”

“யானை கீனை இறங்கிட்டுதா?”

“விடுங்கோவன் தம்பி!”

ஜவாஹிர் அவருடைய முகத்தைக் கண்ணாடியில் பார்த்தான், பிறகு ஓட்டோவை முறுக்கினான். கன்னியா தாண்டிக் கிரவல் ஒழுங்கையில் இறங்கியபோது மாடுகள் குறுக்கே வந்தன. ஓட்டோ நின்ற அந்த நேரம் காணிப் பக்கமிருந்து ஒரு வெடி கேட்டது. பாக்கியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கடைத் தோட்டாவா, தன்னுடையதா? அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தார். அலறல் கேட்குமோ என்றும் காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காதது அதைவிட மோசமாக இருந்தது.

வேலியடியில் இறங்கிக் கச்சான் பாத்திகளுக்கு மேலாலேயே ஓடினார். அறுபது வயது மனுசன், மேலில் சேட்டு இல்லை, ஒரு செருப்பு எங்கோ கழன்று விழுந்துவிட்டது. சிவாஜினி கிணற்றடியில் நின்றாள். துவக்கைத் தோளுக்குத் தூக்கிக் கன்னத்தை அதில் பதித்திருந்தாள்.

“வெடிக்காதை! சிவாஜினி, வெடிக்காதை!”

அவள் திடுக்கிட்டுத் துவக்கை இறக்கினாள். “இஞ்சேருங்கோ, என்ன கோலம் இது? ஆருக்கு என்ன?”

“நிலத்தில வை. மெல்ல வை. வாய் அங்கால பாக்கட்டும்.”

வைத்தாள். பாக்கியர் பக்கத்தில் விழுந்து குந்தினார். பேச மூச்சு வரவில்லை. அவள்தான் சொன்னாள். “முதலாவது நல்லா வெடிச்சது. ரெண்டாவது புஸ் எண்டு புகைஞ்சதோட சரி. நமத்துப் போச்சாக்கும் எண்டு எடுத்துப்போட்டு மூண்டாவதைப் போட்டனான். அந்தப் பெரிய தாட்டான் குரங்கு திரும்ப இறங்குது, அதுதான்.”

அவர் துவக்கை மடித்து மூன்றாவது தோட்டாவை உருவி எறிந்தார். குழலைத் தூக்கி, வெறும் வானத்தைப் பார்க்கப் பிடித்து, அடிப்பக்கத்தால் பார்த்தார். மறுமுனையில் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை. இருட்டாகக் கிடந்தது. அவர் செய்த தோட்டாவுக்கு ஈயத்தை வெளியே தள்ளப் பலம் போதாமல், அது குழலின் நடுவிலேயே இறுகி நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்றை வெடித்திருந்தால், அது எவ்வளவு நல்ல கடைத் தோட்டாவாக இருந்தாலும், போக வழியில்லாமல் குழல் பிளந்திருக்கும். பிளக்கிற இடத்தில் அவளுடைய இடது கை இருந்தது. கன்னம் ஒரு முழம் தள்ளி.

பாக்கியர் குழலை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். வவுனியா, போன், யானைவெடி, தேக்கரண்டி, குங்குமம், ஒன்றையும் விடவில்லை.

“பாய்க்குப் பின்னால ரின் கிடந்தது,” என்றாள் கடைசியில். “நாலுக்குப் பொட்டு இருந்தது. மனுசன் பூசைக்கு வைக்கத் துவங்கிப் பாதியில மறந்திட்டாராக்கும் எண்டு மிச்சத்துக்கும் நான்தான் வைச்சனான்.” முகத்தைத் துடைத்தாள். “எல்லாத்தையும் ஒண்டாப் போட்டிட்டன்.”

“உன்னில பிழையில்லை.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் விடமாட்டாய். நீ அதுகளைத் தொடக்கூடாது எண்டுதானே அடையாளம் வைச்சனான். அந்த நாலையும் நான்தான் வெடிக்கிறதெண்டு இருந்தனான்.”

சிவாஜினி அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவர் நினைத்திருந்தார். கோபம்தான் வந்தது, ஆனால் அவர் நினைத்த இடத்திலிருந்து வரவில்லை.

“அப்ப இது ஆளைக் கொல்லும் எண்டு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் எண்டில்லை. ஒரு பயம்.”

“என்ர கைக்கு வரக்கூடாதெண்டு பொட்டெல்லாம் வைச்சு ஒளிச்சிருக்கிறியள். உங்களுக்கெண்டால் பரவாயில்லையோ?”

பாக்கியர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். இரண்டு மாதமாக அந்த நாலு தோட்டாவையும் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார். அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நினைத்தார். துவக்குப் பழுதானால் என்ன செய்கிறது என்று நினைத்தார். பொலிஸ் வந்தால் என்ன சொல்கிறது என்றுகூட ஒரு பொய்யை ஆயத்தப்படுத்தி வைத்திருந்தார். தன்னுடைய கண்ணைப் பற்றி, கையைப் பற்றி, ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அது அந்தக் கணக்கிலேயே இருக்கவில்லை. இவ்வளவு களைத்துப் போயிருந்தோம் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

“ஓம்,” என்றார். “பரவாயில்லை எண்டுதான் நினைச்சிருப்பன் போல.”

சொன்ன பிறகு அவருக்குப் பயமாக இருந்தது, ஓட்டோவில் வரும்போது இருந்ததைவிட அதிகமாக. சிவாஜினி தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சத்தம் வைத்து அழுது அவர் கண்டதில்லை. வேலியடியில் நின்ற ஜவாஹிர் உள்ளே வருவதா விடுவதா என்று தெரியாமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

அழுகை ஓய்ந்த நேரம் குரங்குகள் காணிக்குள் இறங்கிவிட்டன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். கச்சானை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, ஒவ்வொன்றாக உடைத்துத் தின்னத் தொடங்கின. பாக்கியர் பழக்கத்தில் கையை ஊன்றி எழும்பப் பார்த்தார்.

சிவாஜினி அவருடைய கையைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

“தின்னட்டும்,” என்றாள். “முழுக்கத் தின்னட்டும். நீங்கள் எழும்பாதேங்கோ.”