பொருள்மேல் கை வைத்துப் பேசுங்கள்

கடைத்தெருவில் அவளுக்குச் சமாதானக்கா என்று பெயர். கிண்டலாக வைத்தார்களா, மரியாதையாக வைத்தார்களா என்று அவளுக்கே தெரியாது. ஊரார் சண்டையையெல்லாம் தீர்த்து வைக்கிறவளுக்குத் தன் உடம்போடு மட்டும் சமாதானம் கிடையாது. உட்கார்ந்தால் கால் ஆடும். காலை அடக்கினால் கை சாவிக்கொத்தைக் குலுக்கும். தூக்கத்திலாவது சும்மா இருக்கிறாளா என்று அவள் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். அவர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார் என்பதால் யாரும் கேட்பதில்லை.

அவள் வேலை பார்ப்பது நுகர்வோர் சங்கத்தில். மருந்துக்கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறிப் போனால் இரண்டு அறை. நன்கொடையில் ஓடுகிற சங்கம்; மின்விசிறிகூட யாரோ கொடுத்ததுதான், சுற்றும்போது முனகும். கடையில் ஏமாந்தவர்கள் அங்கே வருவார்கள். கடைக்காரரையும் கூப்பிட்டு, கோர்ட் வாசல் மிதிக்காமல் பேசி முடித்து அனுப்புவாள்.

அதற்கு அவள் வைத்திருந்த வழி ஒன்றே ஒன்று. தகராறுக்குக் காரணமான பொருள் மேசைக்கு வந்தாக வேண்டும். யார் பேசினாலும் அதன்மேல் கை வைத்துத்தான் பேச வேண்டும். சத்தியமெல்லாம் கிடையாது, சாமியும் கிடையாது. ஆனால் ஓட்டைக் குக்கரைத் தொட்டுக்கொண்டே அதை நல்ல குக்கர் என்று சொல்ல, எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் நாக்கு கொஞ்சம் தடுக்கத்தான் செய்தது.

சங்கத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒழுங்காக வியாபாரம் செய்கிற கடைகளின் கதவில் 'நேர்மைக் கடை' என்று வட்டமாக ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒட்டுவதற்கு முன்னால் யாரோ ஒருவர் சாதாரண வாடிக்கையாளர் போலப் போய், பில் கேட்டு, குறை கேட்டு, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துக் கடையைச் சோதித்துவிட்டு வர வேண்டும். போன முறை சோதனைக்கு ஆள் கிடைக்கவில்லை. சமாதானக்காவுக்குத்தான் காத்திருக்கத் தெரியாதே. ஓய்வு பெற்று வீட்டில் இருந்த தன் வீட்டுக்காரரையே அனுப்பிவிட்டாள். அவர் போன கடையெல்லாம் தேறியது. தெரு முழுக்கப் பச்சையாக ஒட்டிவிட்டு, நம் தெரு எவ்வளவு யோக்கியமான தெரு என்று பூரித்துப் போயிருந்தாள்.

அந்தப் பூரிப்பு, தையல்காரப் பெண் ஒருத்தி மெஷினை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வந்த அன்று போய்விட்டது.

அதை விற்ற மெஷின்கடைக்காரரும் வந்து எதிரே உட்கார்ந்தார். தையல்காரப் பெண் மெஷின்மேல் கை வைத்தாள்.

"புதுசுன்னு சொல்லித்தான் குடுத்தாருக்கா. தையல் விட்டு விட்டு விழுது. சக்கரத்துக்கிட்ட பெயிண்ட் உரிஞ்சு, அடியில பழைய பெயிண்ட் தெரியுது. பள்ளிக்கூடம் திறக்கப்போகுது, யூனிஃபார்ம் பூரா என் தலையில இருக்கு. இவர் கடைக் கதவுல உங்க பச்சை ஸ்டிக்கர் இருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் உள்ளயே போனேன்."

சமாதானக்காவின் கால் ஆடுவது நின்றது. கடைக்காரரைப் பார்த்தாள். அவர் மெஷினில் ஒரு விரலை மட்டும் வைத்தார்.

"ஒரு விரல் பத்தாது."

உள்ளங்கையை வைத்தார். "கம்பெனியிலிருந்து வந்ததை அப்படியே..." என்று ஆரம்பித்தவர் மென்று விழுங்கினார். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அடுத்து வந்தது கோபம்.

"என்னைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க மேடம். அவரே வந்து பார்த்துட்டு, எல்லாம் சரின்னு சொல்லிட்டுத்தானே போனார்?"

"அவர் யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவரேதான் சொன்னார். வாசல்லயே நின்னு, 'வணக்கம், நான் மேடத்தோட வீட்டுக்காரர், சங்கத்துலேருந்து கடையைச் சோதிக்க வந்திருக்கேன், உள்ள வரலாமா'ன்னு கேட்டார். நான் நல்ல மெஷினா எடுத்துக் காட்டினேன். யாரா இருந்தாலும் அதைத்தானே செய்வான்?"

சமாதானக்காவுக்கு விளங்கிவிட்டது. அவள் வீட்டுக்காரர் மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, நான் இன்னார், இதற்காக வந்திருக்கிறேன் என்று சொல்லி, வரச் சொன்ன பிறகே உள்ளே காலெடுத்து வைத்தவர். மாமியார் வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். ஒருமுறை சொந்த வீட்டு வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு அசடு வழிந்திருக்கிறார். இந்த மனிதரை மாறுவேஷத்துக்கு அனுப்பினோமே என்று அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் கடைக்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. தனியாகப் பேச வேண்டும் என்று படிக்கட்டுக்குக் கூட்டிப் போனார்.

"சாயங்காலமே புது மெஷின், பெட்டி பிரிக்காம, அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிடும். ஆனா ஸ்டிக்கர் என் கதவுல இருக்கணும். உங்க சோதனைக் கதையை நீங்க மூச்சு விடக்கூடாது. முடியாதுன்னா கோர்ட்டுக்குப் போங்க. தீர்ப்பு வர்றதுக்குள்ள பள்ளிக்கூடம் திறந்து, பரீட்சையும் முடிஞ்சிடும்."

அவள் அறைக்கும் படிக்கட்டுக்குமாக நடந்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். மறைத்துப் பேசி முடிப்பது அவள் வழக்கமில்லை.

"அக்கா, துணியெல்லாம் வெட்டிப் போட்டுட்டேன்," என்றாள் தையல்காரப் பெண். "தள்ளிப் போனா அளவெடுத்த பிள்ளைங்க வளர்ந்துடும். எனக்கு மெஷின் வரட்டும். மத்தது நீங்க பார்த்துக்கோங்க."

சமாதானக்கா வாக்குக் கொடுத்தாள். மெஷினும் வந்தது. அந்த விஷயத்தில் கடைக்காரர் சொன்ன சொல் தவறவில்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் ஒழுகும் குழாயைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, சோதனைக்குப் போன கடையில நீங்க யாருன்னு சொன்னீங்களா?"

"சொல்லாம எப்படி உள்ள போறது?"

"எல்லாக் கடையிலயுமா?"

"ஒரு கடைக்கு ஒரு மாதிரியா நடந்துக்க முடியும்? எல்லாக் கடையிலயும்தான்."

"வாங்க வந்தவர் மாதிரி நடந்துக்கங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நேர்மையா இருங்கன்னு ஊருக்கே சொல்றவ நீ. என்னை மட்டும் பொய் சொல்லச் சொல்றியா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரிக்கவில்லை, அழவில்லை, அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். அந்தப் பெண் ஏமாந்த கதையையும் தான் கொடுத்த வாக்கையும் அவரிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு அவளுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. தெருவில் நடந்தால் கதவுக்குக் கதவு பச்சை வட்டம். அவற்றில் எத்தனை கடை நிஜமாகவே யோக்கியமானது, எத்தனை கடை இவர் வாசலில் வணக்கம் சொன்னதும் நல்ல சரக்கை முன்னால் எடுத்து வைத்தது, யாருக்குத் தெரியும்? சங்கத்தில் வேறொரு தகராறு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். ஒரு நாள் அங்கிருந்து பார்த்தாள். மெஷின்கடை முன்னால் ஓர் அம்மாவும் மகளும் தயங்கி நின்றார்கள். மகள் ஸ்டிக்கரைக் காட்டி ஏதோ சொன்னாள். அம்மாவின் முகம் தெளிந்தது. இருவரும் உள்ளே போனார்கள்.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பழைய மெஷினுக்குப் பெயிண்ட் அடித்ததை, படிக்கட்டில் நடந்த பேரத்தை, கொடுத்த வாக்கை, அம்மாவையும் மகளையும். அவர் தட்டில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் சரின்னு சொன்னதை நம்பித்தான் அந்தப் பொண்ணு போயி வாங்கிச்சா?"

"ஆமா."

அவர் அதற்குமேல் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் குடையையும் மடக்கு ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. குளிக்கப் போகிறவரைக்கூட எங்கே போகிறீர்கள் என்று கேட்டுத் துளைக்கிறவள், அன்றைக்கு வாயைத் திறக்காமல் கதவைச் சாத்தினாள்.

மதியம் மெஷின்கடைக்காரர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். கையில் கிழிந்தும் கிழியாமலும் பச்சை ஸ்டிக்கர். மேசைமேல் பட்டென்று அறைந்தார்.

"உங்க வீட்டுக்காரர் காலையிலேருந்து என் கடை வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கார் மேடம்! வர்ற ஆளுக்கெல்லாம் வணக்கம் சொல்லி, 'இந்தக் கடையைச் சோதிச்சவன் நான்தான், சரியாச் சோதிக்கல, இந்த ஸ்டிக்கரை நம்பாம நல்லா விசாரிச்சு வாங்குங்க'ன்னு சொல்றார். அதட்டினேன். போலீஸைக் கூப்பிடுவேன்னேன். 'கூப்பிடுங்க, அவங்ககிட்டயும் இதையேதான் சொல்வேன்'ங்கிறார். என்கிட்ட வாக்குக் குடுத்தீங்களா இல்லையா?"

பதில் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாக்குக் கொடுத்தது அவள், அவர் அல்ல. பேரம் நடந்த படிக்கட்டில் அவர் இல்லவே இல்லை. கடைக்காரர்கள் யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. கேட்டால் மறுக்க முடியாத பதில்தான்.

"நான் வெளியில யார்கிட்டயும்..." என்று ஆரம்பித்தாள்.

"இருங்க." கடைக்காரர் ஸ்டிக்கரை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுதானே இப்ப தகராறு? கையை வச்சுச் சொல்லுங்க."

மின்விசிறி முனகிக்கொண்டே சுற்றியது. சமாதானக்கா ஸ்டிக்கரில் விரல் வைத்தாள்.

"ஒரு விரல் பத்தாது மேடம்."

உள்ளங்கையை வைத்தாள். பசை ஒட்டியது. சொல்ல வந்த பதிலை விட்டுவிட்டாள்.

"வாக்கை மீறிட்டேன்," என்றாள். "அவர்கிட்ட சொன்னா இப்படித்தான் போய் நிப்பார்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். அவர்மேல தப்பில்ல. சோதனையில நடந்த தப்பும் என்னுதுதான்."

கடைக்காரர் சண்டைக்குத் தயாராக வந்தவர். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நான் செஞ்சதும் சரியில்லதான்," என்று முனகினார். உடனே குரலை உயர்த்தினார். "ஆனா மத்த கடையில மட்டும் ஸ்டிக்கர் இருக்கும், என் கதவு மட்டும் மொட்டையா நிக்குமா?"

"இல்ல. எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துடறேன். முதல்லேருந்து சோதிப்போம். தெரியாத முகமா அனுப்புவேன், உங்க கடைக்கும் சேர்த்து."

ஒரு பிளேடும், வாளி வெந்நீரும், பழைய துணியுமாக அவள் தெருவில் இறங்கினாள். மெஷின்கடை வாசலில் ஸ்டூலில் இருந்தவர் அவளைப் பார்த்ததும் எழுந்து, குடையை மடக்கி, வாளியை வாங்கிக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை.

பக்கத்தில் பாத்திரக்கடை. உள்ளே வியாபாரம் மும்முரமாக நடந்தது. அந்தக் கடைக்காரர் யோக்கியரோ என்னவோ, அவருக்கும் இன்று ஸ்டிக்கர் போகப் போகிறது, தெருவே அவளைக் கிழித்துத் தோரணம் கட்டப் போகிறது. யாரும் பார்ப்பதற்குள் உரித்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்று பரபரவென்று கண்ணாடிக் கதவில் பிளேடை வைத்தாள். வீட்டுக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"முதல்ல யாருன்னு சொல்லு," என்றார்.

அவள் பிளேடை இறக்கினாள். கால் ஆடியது. ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. கதவைப் பாதி திறந்து, வாசலிலேயே நின்றாள்.

"வணக்கம். நான் நுகர்வோர் சங்கத்துலேருந்து வர்றேன். உங்க கதவுல ஸ்டிக்கர் ஒட்டினதுல நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோம். உள்ள வரலாமா?"